மிங்கு

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
எழுநூற்றுப் பன்னிரண்டு பேருக்குச்
சம்பளச் சீட்டு அடிப்பவள் நான்.
மூன்று நிமிடம் பிந்தியவனுக்கு எவ்வளவு பிடித்தம்,
ஞாயிறு வேலைக்கு எத்தனை மடங்கு,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

குளுகோரில், பதினோராவது மாடியில்,
எங்கள் வீட்டுச் சம்பளத்துக்குச் சீட்டு இல்லை.
ஒரு 555 புத்தகம் உண்டு.
சுமியாத்தி, பன்யுவாங்கி.
மாதம் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி.
முதல் ஐந்து மாதம் ஏஜெண்ட் பிடித்தம்.
அதன்பின் அவள் கையெழுத்து,
மாதத்துக்கு மாதம் கொஞ்சம் சிறிதாகி.

மாமாவின் இடப்பக்கம் செயலற்றபோது
வேலையை விடலாமா என்று யோசித்தேன்.
இரண்டு நாள்.
வீட்டுக்கடன் அனுமதித்த யோசனை அவ்வளவுதான்.
சம்பளமில்லா விடுப்பு தீர்ந்த வாரம்
அவள் வந்தாள்.
அவர் கைலியை மாற்றினாள், புரட்டிப் படுக்கவைத்தாள்,
நான் லிஃப்டில் இறங்கினேன்.
என் சம்பளம்
அவள் சம்பளத்தின் தோளில் ஏறி நின்றது.
மாமாவுக்கு இப்போது மிச்சமிருக்கும் சொற்கள் நாலைந்து.
இரண்டு ஜாவானியம்.

போன வியாழன் இரவு, பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு
தன்னுடைய 555-ஐ நீட்டினாள்.
‘பு, தோலோங் கீரா.’
கூட்டித் தாருங்கள், கணக்கில் நீங்கள் கெட்டியாயிற்றே.
பக்கம் பக்கமாகப் பெருக்கல் குறிகள்.
மேலே ஒரே தலைப்பு: மிங்கு.
எண்ணினேன். நூற்று நான்கு.

பர்மா ரோட்டில் ஏஜெண்ட் அலுவலகம், குளிர், பிளாஸ்டிக் நாற்காலி.
‘மிங்கு, பு?’ என்று அன்றே கேட்டாள்.
வாரச் சம்பளமா என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு
இல்லை, மாதம் என்றேன்.
தலையாட்டினாள்.

வாரத்துக்கும் அதே சொல்.
ஞாயிறுக்கும் அதே சொல்.
எஸ்.பி.எம். மலாயில் ஏ வாங்கியவளுக்குத்
தெரியாமல் போனதா,
தெரியாமல் இருப்பது தோதாக இருந்ததா?
அதற்குப் பின் நூற்று நான்கு முறை கேட்டிருக்கலாம்.
சந்தைப் பையை அவளிடம் கொடுக்கும்போது,
மதியம் தூங்கி எழுந்து
அவள் நீட்டும் காப்பியை வாங்கும்போது.

ஆயிரத்து ஐந்நூறை இருபத்தாறால் வகுத்து
நூற்று நான்கால் பெருக்கினேன்.
ஆறாயிரம்.
சில்லறைகூட ஒட்டாமல்
துடைத்து வைத்ததுபோல் ஒரு விடை.
தொழிற்சாலையில் என்றால் இரட்டை, பன்னிரண்டாயிரம்.
அதை நான் சொல்லவில்லை.

இளஞ்செழியன் கார்க் கடனைச் சொன்னார்,
பெர்மிட் புதுப்பிக்கும் செலவைச் சொன்னார்,
முதியோர் இல்லத்துக்காரன் கேட்ட தொகையைச் சொன்னார்.
‘அவள் லீவு கேட்கவே இல்லையே.’
கேட்டாள் என்றேன்.
முதல் நாளே.

முந்நூறு முந்நூறாக இருபது மாதம் என்று முடிவானது.
சரி, பு என்றாள்.
ஆக, இன்னும் இருபது மாதம்
இவள் நம்மைவிட்டுப் போகமாட்டாள்.
அந்த நினைப்பில் எனக்குள் ஒரு நிம்மதி வந்ததே,
அதை எந்தப் பத்தியில் எழுதுவது,
வரவிலா, பிடித்தத்திலா?

இன்று ஞாயிறு.
அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன்.
படத்திலிருந்தவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
கைப்பையில் போட்டுக்கொண்டாள்.
கொம்தார் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.
எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது மணிக்குக் கஞ்சி.
மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
சாப்பிடுங்க மாமா என்றேன்.
கதவையே பார்த்தார்.
ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்றேன்.
கடைசியில், யாரோ கேட்டுவிடுவதுபோல் மெதுவாக,
‘மங்கான், பாக்?’
வாய் திறந்தது.

பத்தரை.
கிண்ணத்தில் இன்னும் பாதி.
ஒரு நாளைக்கு ஐம்பத்தேழு வெள்ளி அறுபத்தொன்பது காசு.
மாலை ஆறு மணிவரை
எத்தனை மணி நேரம் என்று
கணக்குப் போடாமல் இருக்கப் பார்க்கிறேன்.